சந்திரனைக் கெடுத்தது யார்? "அகல் விளக்கு" காதலுக்கு வாசகர்கள் நாலு கட்சி!

வேலூர்,

காதலில் தோற்ற ஒரு காலேஜ் பையனுக்காக 60 வருஷத்துக்கும் மேலாக வாக்குவாதம் நடந்து வருகிறது.

அந்தப் பையன் நிஜ ஆள் அல்ல. கதையில் வருகிறவன். பெயர் சந்திரன். ஊர் பெருங்காஞ்சி. படித்தது வாலாஜா.

டாக்டர் மு.வரதராசன் எழுதிய "அகல் விளக்கு" நாவலில் வருகிற வாலிபன் அவன். நாவல் வெளிவந்தது 1958-ம் ஆண்டு. 1961-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது.

"ஐயோ பாவம், அந்தப் பையன்" என்று ஒரு கட்சி.

"அவனாகத் தேடிக்கொண்ட வினை" என்று இன்னொரு கட்சி.

"அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்? அவளை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று மூன்றாவது கட்சி.

"இது கதையா, பிரசங்கமா?" என்று நாலாவது கட்சி!

புத்தகத்தைப் படித்தவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இந்த நாலு கட்சியும் கிளம்பிவிடும். அப்பா ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி என்று ஒரே வீட்டுக்குள்ளும் பிரியும்.

மூன்று பாத்தியதை

இந்த வழக்கில் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஜனங்களுக்கு மற்றவர்களை விட பாத்தியதை அதிகம்.

முதல் காரணம், கதையை எழுதியவர் இந்த மண்ணுக்காரர்.

இரண்டாவது காரணம், கதை தொடங்குவது பாலாற்றங்கரையில்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. கதையில் சந்திரனைத் தின்று தீர்க்கிற நோய் எதுவோ, அந்த நோயை நிஜத்தில் எதிர்த்து நின்று உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் வேலூர்.

அந்த விஷயத்துக்கு வருமுன் ஆசிரியரைப் பற்றி.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா

மு.வ. பிறந்தது 1912-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந்தேதி, திருப்பத்தூரில். அப்போது அது வட ஆர்க்காடு மாவட்டம். 2019-ம் ஆண்டு முதல் திருப்பத்தூரே தனி மாவட்டம். குடும்பத்துக்கு பூர்வீகம் வாலாஜா பக்கம் வேலம் கிராமம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் போய் உட்கார்ந்தது எழுத்தாளர் நாற்காலியில் அல்ல. திருப்பத்தூர் தாலுகா ஆபீசில், குமாஸ்தா நாற்காலியில்!

உடம்பு கெட்டுப் போனது. வேலையை விட்டார். கிராமத்துக்குப் போனார். அங்கிருந்தபடியே தமிழ் படித்தார். 1935-ம் ஆண்டு வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பிறகு திருப்பத்தூர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். 1939-ம் ஆண்டு முதல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1961-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை. 1971-ம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1974-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி காலமானார்.

குமாஸ்தாவாகத் தொடங்கி துணைவேந்தராக முடிந்த வாழ்க்கை அது.

ஆக, இளம் வயதில் உடம்பு கெட்டு, வேலை போய், மறுபடி எழுந்து நின்ற வாலிபர் ஒருவரை மு.வ.வுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் அந்த வாலிபர்!

ஆனால் சந்திரனை அவர் எழுப்பி நிறுத்தவில்லை. விழுந்தவன் விழுந்தவனாகவே போகும்படி எழுதிவிட்டார். வாசகர்களின் சண்டைக்கு மூலகாரணம் அதுதான்.

கதை என்ன?

கதை பற்றிய விவரம் வருமாறு:-

வேலய்யன், சந்திரன் இருவரும் பள்ளிக்கூட நண்பர்கள். கதையைச் சொல்கிறவன் வேலய்யன்.

சந்திரன் ரொம்ப அழகு. படிப்பில் சூரப்புலி. எதைப் படித்தாலும் உடனே மண்டையில் ஏறும். வேலய்யன் சுமார் ரகம். உருப்போட்டு உருப்போட்டுப் படித்தால்தான் ஏறும்.

இருவரும் வளர்கிறார்கள். சந்திரன் சென்னைக்குக் காலேஜ் படிக்கப் போகிறான். அங்கே இமாவதி என்ற மாணவியின் பழக்கம் ஏற்படுகிறது.

இமாவதி கள்ளம் கபடம் இல்லாமல் பழகுகிறாள். கூடப் பிறந்தவன் மாதிரி நினைத்துப் பேசுகிறாள். சந்திரன் அதைக் காதல் என்று நினைத்துக்கொள்கிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குள்ளேயே கோட்டை கட்டுகிறான்.

இமாவதிக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயம் ஆகிறது.

கோட்டை பொலபொலவென்று சரிகிறது!

படிப்பு போகிறது. ஊரை விட்டு ஓடுகிறான். நீலகிரி தேயிலைத் தோட்டம் பக்கம் போய், கண்டபடி வாழ்கிறான். தேடிப் பிடித்து அழைத்து வந்தும் நிலைக்கவில்லை. கடைசியில் தொழுநோய் பிடித்து, உருக்குலைந்து, சாகிறான்.

வேலய்யனோ வேலை, கல்யாணம், குடும்பம் என்று ஒழுங்காக வாழ்கிறான்.

பளிச்சென்று எரிந்து அணைந்து போன வெளிச்சம் சந்திரன். சின்னதாக இருந்தாலும் நின்று எரிகிற அகல் விளக்கு வேலய்யன். நாவலின் பெயருக்கு இதுதான் அர்த்தம்.

முதல் கட்சி: "ஐயோ பாவம்!"

முதல் கட்சியில் வயசுப் பையன்கள் அதிகம். வயசுப் பையனாக இருந்ததை மறக்காத பெரியவர்களும் உண்டு.

அவர்கள் வாதம் இது:-

"பதினெட்டு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்? கிராமத்திலிருந்து பட்டணம் போனவன். ஒரு பெண் நின்று பேசினாலே தலைகால் புரியாத வயசு. பழகத் தெரியாமல் பழகினான். தப்பாகப் புரிந்துகொண்டான். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

"யாரையும் அடித்தானா? மிரட்டினானா? அவள் வீட்டு வாசலில் போய் நின்று கலாட்டா செய்தானா? கிடையாது. தன்னைத் தானே அழித்துக்கொண்டான். அவனை நினைத்து அழாதவன் மனுசனே இல்லை!"

இந்தக் கட்சிக்கு உலகம் பூராவும் ஆள் உண்டு.

1774-ம் ஆண்டு ஜெர்மனியில் கதே என்ற இளைஞர் ஒரு நாவல் எழுதினார். வெர்தர் என்ற வாலிபன், இன்னொருவனுக்கு நிச்சயமான பெண்ணை விரும்பி, கிடைக்காமல் உயிரை விடுகிற கதை. ஐரோப்பாவே அழுதது. வெர்தர் போட்ட மாதிரி நீலக் கோட்டும் மஞ்சள் உள்கோட்டும் போட்டுக்கொண்டு வாலிபர்கள் திரிந்தார்கள். 1775-ம் ஆண்டு லீப்சிக் நகரில் புத்தகத்தையும் தடை செய்தார்கள். அந்த உடுப்பையும் தடை செய்தார்கள்!

அதே வருஷம் நிக்கோலாய் என்ற ஆசிரியர் பதில் கதை எழுதினார். அதில் வெர்தரின் துப்பாக்கியில் இருப்பது கோழி ரத்தம். அவன் சாகவில்லை. அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறான். கதேவுக்கு மகா கோபம்.

நம் நாட்டில் சரத் சந்திரர் எழுதிய "தேவதாஸ்" வெளிவந்தது 1917-ம் ஆண்டு. குடித்துக் குடித்துச் செத்த தேவதாசுக்காக மூன்று தலைமுறை கண்ணீர் விட்டது. 1953-ம் ஆண்டு நாகேஸ்வரராவ், சாவித்திரி நடித்து சினிமாவாக வந்தபோது தமிழ்நாட்டிலும் கர்ச்சீப் நனைந்தது. காதலில் தோற்று தாடி வைத்தவனுக்கு "தேவதாஸ்" என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் போகவில்லை.

சந்திரன் இந்த வரிசையில் வருகிறவன். ஆனால் ஒரு வித்தியாசம். தேவதாசை ஆசிரியர் அழகாகச் சாகவிட்டார். சந்திரனை மு.வ. அழகாகச் சாகவிடவில்லை.

இரண்டாம் கட்சி: "நல்லா வேணும்!"

பெற்றோர், வாத்தியார்கள், வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்சி.

"அழகு இருந்தது, அறிவு இருந்தது, அப்பன் வீட்டில் வசதி இருந்தது. அடக்கம் மட்டும் இல்லை. அதனால் கெட்டான். வேலய்யனுக்கு இதில் ஒன்றும் இல்லை. அடக்கம் இருந்தது. பிழைத்தான். பிள்ளைகள் படிக்க வேண்டியது இதைத்தான்" என்பது இவர்கள் வாதம்.

1950-களிலும் 1960-களிலும் மு.வ. புத்தகம் என்றால் வீட்டில் தடை கிடையாது. கதைப் புத்தகம் படித்தால் கெட்டுப் போவாய் என்று அதட்டுகிற அப்பாக்கூட, மு.வ. என்றால் "படி" என்று விடுவார். "தம்பிக்கு", "தங்கைக்கு", "அன்னைக்கு" என்று கடித நூல்கள் எழுதியவர் ஆயிற்றே! கல்யாணத்துக்கு அன்பளிப்பாக அவர் புத்தகங்களைக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம்.

அந்த நம்பிக்கை "அகல் விளக்கு" நாவலுக்கும் வந்து சேர்ந்தது. காதல் கதைதான். ஆனால் காதலிக்காதே என்று சொல்கிற காதல் கதை என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அடங்கி ஒடுங்கி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் பிள்ளை இதிலிருந்து படித்துக்கொள்கிறான். மனசு உடைந்தால் என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது என்பதைப் படித்துக்கொள்வதில்லை.

"நல்லா வேணும்" என்று சொல்கிற வீட்டில் பிள்ளை வாயைத் திறக்குமா?

மூன்றாம் கட்சி: "இமாவதி என்ன செய்தாள்?"

இந்தக் கட்சி பெண்களின் கட்சி.

அந்தக் காலத்து வாசகர்களில் பலர் பழியை இமாவதி மீது போட்டார்கள். "அவள் ஏன் சிரித்துச் சிரித்துப் பேசினாள்? பேசியதால்தானே அவன் ஏமாந்தான்!" என்று ஒரு பேச்சு.

மூன்றாம் கட்சி இதைக் கேட்டால் பொங்கி எழும்.

"பேசினால் காதலா? சிரித்தால் சம்மதமா? அவள் வாக்குக் கொடுத்தாளா? கடிதம் எழுதினாளா? அவனும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு அவள் எப்படி குற்றவாளி?" என்பது இவர்கள் கேள்வி.

தோல் பேட்டைக்கு இந்தக் கேள்வி ரொம்ப நெருக்கமானது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி வருகிறார்கள். ஷூவின் மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்காருகிறார்கள். பக்கத்து மெஷினில் ஆண். சூப்பர்வைசர் ஆண். பஸ் டிரைவர் ஆண்.

பேசாமல் வேலை நடக்குமா? நூல் கேட்க வேண்டும். மெஷின் ரிப்பேர் சொல்ல வேண்டும். டீ நேரத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூர், காட்பாடி, வாலாஜா ரோடு வழியாகச் சென்னைக்குப் போகிற ஏலகிரி எக்ஸ்பிரசில் தினமும் ஒரே பெட்டியில் போகிறவர்கள் பேசிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

பேசுகிற பேச்சு எல்லாம் காதல் என்று ஒருத்தன் கணக்குப் போட்டால், அந்தப் பெண் வேலைக்குப் போவதா, வேண்டாமா?

"அவகிட்ட பேசாதே, இவன்கிட்ட சிரிக்காதே" என்று வீட்டில் பெண்ணுக்குத்தான் கட்டளை வருகிறது. "அவள் சிரித்தால் அதற்கு அர்த்தம் சிரிப்புதான்டா" என்று பையனுக்கு யாரும் சொல்வதில்லை. மூன்றாம் கட்சியின் பெரிய புகார் இதுதான்.

புகாரில் நியாயம் இருக்கிறது.

சந்திரன் தன்னைத்தான் அழித்துக்கொண்டான். எல்லா வாலிபர்களும் அதோடு நிற்பதில்லை. 2012-ம் ஆண்டு நவம்பரில் காரைக்காலில், காதலை மறுத்தாள் என்று ஒரு இளம் பெண் என்ஜினீயர் முகத்தில் ஒருவன் ஆசிட் வீசினான். கண் பார்வை போனது. 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் உயிரும் போனது. வீசியவனுக்கு ஆயுள் தண்டனை.

2013-ம் ஆண்டு சட்டம் இறுக்கப்பட்டது. ஆசிட் வீச்சு தனிக் குற்றம் ஆனது. விருப்பம் இல்லை என்று சொன்ன பிறகும் பெண்ணைப் பின்தொடர்வதும் தனிக் குற்றம் ஆனது. கடையில் ஆசிட் விற்கவும் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு போட்டது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பின்தொடர்வதற்கு 78-வது பிரிவு. முதல் தடவை பிடிபட்டாலே 3 ஆண்டு வரை ஜெயில்.

1958-ம் ஆண்டில் இமாவதியை நினைத்து அழுதவர்கள் குறைவு. இன்றைக்கு அவளுக்காகப் பேசுகிறவர்கள் கூடி இருக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

நாலாம் கட்சி: "கதையா, பிரசங்கமா?"

இது இலக்கிய விமர்சகர்களின் கட்சி.

"மு.வ. கதை சொல்லவில்லை, அறிவுரை சொல்கிறார். நாலு வரி கதை, நாற்பது வரி உபதேசம். நல்லவன் வாழ்வான், கெட்டவன் சாவான் என்று முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டுப் பிறகு வழக்கை நடத்துகிறார்" என்பது இவர்கள் குற்றச்சாட்டு.

வாசகர்கள் பதிலும் ரெடி. "உபதேசம்தான். கேட்க ஆள் இருந்ததால்தானே இத்தனை பதிப்பு வந்தது? எங்களுக்கு அந்த வயசில் உட்கார்த்திவைத்து நாலு வார்த்தை சொல்ல வேறு யார் இருந்தார்கள்?"

சினிமாவிலும் இதே தகராறு வந்தது.

1981-ம் ஆண்டு பாரதிராஜாவின் "அலைகள் ஓய்வதில்லை" வந்தது. கார்த்திக், ராதா இருவருக்கும் முதல் படம். பூணூல் போட்ட பையனும் சிலுவை போட்ட பெண்ணும் இரண்டையும் கழற்றிவிட்டு ஊரை விட்டுப் போகிறார்கள். வாலிபர்கள் விசில் அடித்தார்கள். பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள்.

அதே 1981-ம் ஆண்டில் "பன்னீர் புஷ்பங்கள்" வந்தது. ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காதல். முதலில் படியுங்கள், வளருங்கள் என்று வாத்தியார் சொல்லி அனுப்புகிற கதை. அதற்கு பெற்றோர்கள் தலை ஆட்டினார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பரில் பாலாஜி சக்திவேலின் "காதல்" வந்தது. மதுரை மெக்கானிக் பையன், பள்ளிக்கூடத்துப் பெண். ஓடிப் போகிறார்கள். பெண் வீட்டார் பிரித்துவிடுகிறார்கள். கடைசியில் பையன் பைத்தியமாகத் தெருவில் அலைகிறான். அந்தப் பெண்ணின் கணவனே அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் வைத்தியத்துக்கு விடுகிறான்.

இந்த முடிவைப் பார்த்து தியேட்டரே அழுதது. சந்திரனுக்கும் இந்த மெக்கானிக் பையனுக்கும் நடுவில் 46 வருஷம். இரண்டு பேரும் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் பின்னவனை கை பிடித்துத் தூக்க ஒருத்தன் வந்தான். முன்னவனுக்குக் கிடைத்தது நோய்!

வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி

இங்கேதான் நம்ம பக்கத்து வாசகர்களுக்கு ஒரு தனிக் கேள்வி எழுகிறது.

சந்திரனுக்கு ஏன் தொழுநோய்?

கதையைப் படித்தால், கெட்ட வழியில் போனதற்குத் தண்டனையாக நோய் வந்த மாதிரித்தான் தோன்றும். நாட்டில் ஜனங்கள் காலகாலமாக அப்படித்தான் நம்பினார்கள். பாவம் செய்தவனுக்கு வரும் நோய் என்று ஊரை விட்டே தள்ளி வைத்தார்கள்.

உண்மை என்ன?

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-ம் ஆண்டிலேயே நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். காதலுக்கும் அந்தக் கிருமிக்கும் சம்பந்தம் இல்லை. ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. நல்லவனுக்கும் வரும். குழந்தைக்கும் வரும்.

1946-ம் ஆண்டு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு பால் பிராண்ட் என்ற சர்ஜன் வந்தார். நோயாளிகளின் மடங்கிப் போன விரல்களைப் பார்த்தார். கை விரல் அழுகி விழுகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் கண்டது வேறு. நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் தெரியாது. வெட்டினாலும் தெரியாது. காயத்தைக் கவனிக்காததால்தான் விரல் போகிறது!

நல்ல தசைநாரை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டி ஆபரேஷன் செய்தார். மடங்கிய கை விரிந்தது. சோறு பிசைய முடிந்தது. பேனா பிடிக்க முடிந்தது. இந்த வைத்தியம் வேலூரிலிருந்து உலகத்துக்குப் போனது.

1955-ம் ஆண்டு காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தனி ஆராய்ச்சி ஆஸ்பத்திரி வந்தது.

தேதியைக் கவனிக்க வேண்டும். கரிகிரி 1955. "அகல் விளக்கு" 1958.

கதையில் சந்திரன் உருக்குலைந்து சாகிறபோது, நிஜத்தில் வாலாஜாவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் டாக்டர்கள் அதே நோயாளிகளின் கையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்!

அந்த டாக்டர்களில் மேரி வர்கீஸ் என்ற பெண்ணும் ஒருவர். 1954-ம் ஆண்டு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ம் ஆண்டு வேலூரில் ஊனமுற்றோர் மறுவாழ்வு நிலையம் வர முன்னின்றவரும் அவர்தான். விழுந்தால் முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால்?

மு.வ.வுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. "கதை நடப்பது அதற்கு முந்தைய காலம். அன்றைக்கு ஊரில் கண்டதை எழுதினார். அவன் துன்பத்தைக் காட்டத்தான் எழுதினாரே தவிர, நோயாளியைக் கேவலப்படுத்த எழுதவில்லை" என்கிறது அந்தத் தரப்பு. அதிலும் உண்மை இருக்கலாம்.

ஆனால் படிக்கிறவன் மனசில் பதிவது, "கெட்டவனுக்கு வரும் நோய்" என்பதுதானே!

அந்த எண்ணம் சட்டத்திலும் இருந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அது நீக்கப்பட்டது 2019-ம் ஆண்டில்தான்!

மருந்து அதற்கு எவ்வளவோ முன்னால் வந்துவிட்டது. 1981-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையை சிபாரிசு செய்தது. நோயின் தன்மையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊனம் வராது.

பாலாறு சாட்சி

நாவல் தொடங்குவதே பாலாற்றில்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக ரசிப்பது உண்டு.

இன்றைக்குப் பாலாறு என்றால் தோல் ஷாப்பு கழிவுத் தண்ணீர் வழக்கு ஞாபகம் வரும். 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தவர்கள் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது.

ஆறு கெட்டது என்றால், கெடுத்தது எது என்று சோதனை போட்டுக் கண்டுபிடித்தார்கள். ஆற்றின் தலையெழுத்து என்று விட்டுவிடவில்லை.

ஒரு பையன் கெட்டான் என்றால் மட்டும், "அவன் புத்தி அப்படி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா?

யார் குற்றம்?

நாலு கட்சியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில விஷயம் தெளிவாகும்.

இமாவதி குற்றவாளி அல்ல. நட்பாகப் பழகினாள், அவ்வளவுதான்.

நோய் தண்டனை அல்ல. அது கிருமி செய்கிற வேலை.

சந்திரன் காதலித்ததும் குற்றம் அல்ல. அந்த வயசில் மனசு போகத்தான் செய்யும்.

பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. "இல்லை" என்ற பதிலைத் தாங்க அவனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் முதலாக வந்து பழகியவன். எல்லோரும் தட்டிக்கொடுத்து வளர்ந்தவன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று கிடைக்கவில்லை என்றதும், எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டினான்.

பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சீட்டுக்கு அலைகிறோம். மெடிக்கல் சீட்டுக்கு அலைகிறோம். கம்பெனி வேலைக்கு ஆள் பிடிக்கிறோம். தோற்றால் என்ன செய்வது என்று எந்த வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம்?

வேலய்யன் பிழைத்துக்கொண்டதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். அவன் சின்ன வயசிலேயே இரண்டாம் இடத்தில் இருந்து பழகியவன். முதல் இடம் கிடைக்காவிட்டால் உயிர் போகாது என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

இரண்டாம் கட்சிக்காரர்கள் அதை அடக்கம் என்கிறார்கள். முதல் கட்சிக்காரர்கள் சந்திரனுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் சொல்வது ஒன்றுதான்!

சந்திரன் வீட்டில், "என்னப்பா, முகம் வாடி இருக்கு? சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று அப்பா உட்கார்ந்து கேட்டிருந்தால் கதை மாறி இருக்குமா, மாறி இருக்காதா என்பதில் கட்சிகளுக்குள் இன்னும் ராஜி ஆகவில்லை.

புத்தகம் சர்க்கார் லைப்ரரிகளில் சுலபமாகக் கிடைக்கிறது. வீட்டில் வயசுப் பிள்ளை இருந்தால் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் படிக்கலாம். படித்துவிட்டுச் சண்டை போடலாம்.

வாயைத் திறந்து சண்டை போடுகிற வீட்டில், பிள்ளை மனசுக்குள்ளேயே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.